"மகனும் அப்பனைப் போலத்தான் வருவானோ, அக்கா?"

(எழுதியவரின் அடையாளம் தெரியாதபடி கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கேள்வி: அக்கா, நான் முல்லைத்தீவுப் பக்கம். வயது 34. என்ர அம்மம்மா 77 இனக்கலவரத்தோட மலையகத்தில இருந்து வந்து வன்னியில குடியேறினவ. தாத்தா அவவை அடிப்பாராம். அப்பாவும் அம்மாவை அடிச்சவர். முள்ளிவாய்க்காலால வெளிய வரேக்க எனக்குப் பதினெட்டு, முகாமால வந்த கையோட கலியாணம் கட்டி வச்சவை. அவருக்கு முதுகில செல் துண்டு இருக்கு. மேசன் வேலை. நல்ல மனுசன், குடிச்சாத்தான் கை நீளும். இப்ப குடிக்காட்டியும் நீளுது. போன மாசம் ஒருநாள் கழுத்தில பிடிச்சவர். மாமி சொல்லுறா, "அவன் பட்டது கொஞ்சமே, நீ பொறுத்துப் போ பிள்ளை" எண்டு. நானும் பொறுத்துத்தான் இருந்தன். ரெண்டு கிழமைக்கு முதல், எட்டு வயசு மகள் சோத்துக் கோப்பையைத் தட்டி விட்டதுக்கு என்ர 11 வயசு மகன் அவளின்ர தலைமயிரைப் பிடிச்சு, "உனக்கு வாய் கூடிப்போச்சு" எண்டு அறைஞ்சான். தகப்பன் எனக்குச் சொல்லுற அதே சொல்லு, அதே பிடி. நான் பூவரசங் கம்பு முறிச்சு அவனுக்கு அடிச்சு, "நீயும் உன்ர அப்பனைப் போலத்தான் வருவாய்" எண்டு கத்திப்போட்டன். அண்டையில இருந்து அவன் என்னோட கதைக்கிறான் இல்லை. ராவில பாயில மூத்திரம் போறான். இது எங்கட ரத்தத்திலயே இருக்கோ அக்கா? மகள் பாவம், அவளால ஒரு கரைச்சலும் இல்லை.

பதில்:

தங்கச்சி, நீங்கள் கேட்டது மகனைப் பற்றி. ஆனால் கடிதத்தின் நடுவில் நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போன ஒன்று இருக்கிறது, என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை. "கழுத்தில பிடிச்சவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைக் கதைப்போம், மகனிடம் பிறகு வருகிறேன்.

அறைவதும் கழுத்தைப் பிடிப்பதும் ஒன்றல்ல. மனைவியின் கழுத்தை ஒருமுறை நெரித்தவர் பிறகொரு நாள் அவரைக் கொன்றுவிடும் ஆபத்து பல மடங்கு கூடிவிடுகிறது என்பது குடும்பக் கொலைகளை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்த விசயம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை, "குடிச்சாத்தான்" என்று இருந்தது "குடிக்காட்டியும்" என்று மாறி, கை கழுத்துவரைக்கும் வந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதைத்தான் திருப்பிச் சொல்கிறேன். கழுத்தை நெரித்தால் வெளியில் ஒரு அடையாளமும் இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம். அன்றைக்குப் பிறகு குரல் மாறியிருந்தால், விழுங்கும்போது நோ இருந்தால், தலைச்சுற்றோ பார்வை மங்கலோ இருந்தால், ஒரு மாதம் போய்விட்டது என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். டொக்டரிடம் "கழுத்தை நெரித்தவர்" என்றே சொல்லுங்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லி மருந்து கட்டிக்கொண்டு போன பெண்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உண்மையைச் சொல்லி அது குறிப்பில் பதிந்திருந்தால், பிறகு வழக்கென்று வந்தபோது அந்தத் துண்டே அவர்களுக்குச் சாட்சியாக நின்றிருக்கும். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்று ஒரு பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் ஒரு நேர்ஸிடம் மெதுவாகக் கேட்டால் காட்டுவார்கள், போலிசுக்குப் போய்த்தான் அங்கே போக வேண்டும் என்றில்லை.

அப்புறம், இன்றைக்கே சத்தமில்லாமல் செய்து வைக்கக்கூடிய சில வேலைகள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக் காசு விழும் பாங்குப் புத்தகம், காணிப் பெர்மிட்டின் போட்டோக் கொப்பி, இவற்றை ஒரு பையில் போட்டு உங்கள் வீட்டில் வைக்காமல் நம்பிக்கையான ஒருவரின் வீட்டில் வையுங்கள். அயலில் ஒரேயொரு ஆளுக்காவது, மாமிக்கு நெருக்கமில்லாத ஒருவருக்கு, நடப்பதைச் சொல்லி வையுங்கள். கணவர் சத்தம் போடத் தொடங்கும்போது குசினிக்குள்ளோ கிணற்றடிக்கோ ஒதுங்காதீர்கள், கத்தி இருக்கும் இடமும் ஒரு வழி மட்டும் உள்ள இடமும் வேண்டாம், முற்றத்துக்கு வாருங்கள். பிள்ளைகளிடம், முக்கியமாக மகனிடம், "அம்மாவைக் காப்பாற்றுவது உன்ர வேலை இல்லை, தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னாரின் வீட்டுக்கு ஓடு, அதுதான் உன்ர வேலை" என்று இப்போதே சொல்லி வையுங்கள், ஏனென்றால் பதினொரு பன்னிரண்டு வயதுப் பொடியன்கள்தான் நடுவில் பாய்ந்து அடிபடுகிறவர்கள். அவர் உங்கள் போனைப் பார்க்கிறவர் என்றால் இதை வாசித்த தடத்தையும் எடுத்த அழைப்புகளையும் அழித்துவிடுங்கள். 1938 பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம், 1929 சிறுவர்களுக்கு, உயிராபத்தென்றால் 119. இந்த மூன்றையும் மகனும் மனப்பாடம் செய்யட்டும்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. போலிசுக்குப் போனால் அவரை உள்ளே போட்டுவிடுவார்கள், பிறகு உழைப்புக்கு ஆளில்லை என்ற பயம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன், என்னிடம் வருகிற எல்லோருக்கும் இருக்கிற பயம் அது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்படி வேலை செய்வதில்லை. அது தண்டிப்பதற்கு அல்ல, தடுப்பதற்கு. நீங்களோ உங்களுக்காக ஒரு போலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம், பிள்ளைகளுக்காகவும் சேர்த்துக் கொடுக்கலாம். நீதவான் அவசரம் என்று கண்டால் இடைக்காலக் கட்டளை உடனே போடுவார், 14 நாட்களுக்குள் விசாரணை வரும், அதன் பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை கிடைக்கலாம். அடிக்கக் கூடாது, இன்ன இடத்துக்கு வரக் கூடாது என்பதோடு, நீங்கள் சேர்ந்து இருக்கிற வீட்டுக்குள்ளேயே அவர் வரக் கூடாது என்றுகூடக் கட்டளை போட முடியும், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் செலவுக்குக் காசு கொடுக்கச் சொல்ல முடியும், உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) போகச் சொல்ல முடியும். அந்தக் கட்டளையை மீறினால்தான் அது குற்றமாகிச் சிறைவரைக்கும் போகும். வன்னியில் காணிப் பெர்மிட் பெரும்பாலும் ஆம்பிளையின் பெயரில்தானே, வெளியே போகச் சொன்னால் நானும் பிள்ளைகளும்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்காக அடிவாங்குகிற பெண்களுக்கு இந்த ஒரு விசயம் தெரிந்தால் போதும் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு வழக்கறிஞரைத் தரும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் யாரென்று கேளுங்கள். போலிசில் "சமாதானமாய்ப் போங்கோ" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், சமாதானம் பிறகு, முதலில் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தைத் தாருங்கள் என்று கேளுங்கள். அதற்கு ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

போவதா இருப்பதா என்பதை நான் தீர்மானிக்க மாட்டேன். விட்டுப் போகிற நாளும் அதற்கு அடுத்த கிழமைகளும்தான் ஆபத்து கூடின நாட்கள், அதனால் கோபத்தில் ஒரு இரவில் வெளிக்கிடாமல் யாரோடாவது கதைத்துத் திட்டமிட்டுச் செய்யுங்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். உடனடியாக உயிருக்குப் பயம் வந்தால் திட்டம் ஒன்றும் பார்க்க வேண்டாம், ஓடுங்கள்.

சரி, இனி ரத்தம்.

உங்கள் மகன் தங்கச்சியை அடிக்கும்போது சொன்னதை மறுபடி பாருங்கள்: "உனக்கு வாய் கூடிப்போச்சு." எட்டு வயதுப் பிள்ளை கோப்பையைத் தட்டிவிட்டதற்கும் வாய்க்கும் என்ன தொடர்பு? அவள் ஒன்றும் வாய் காட்டவில்லையே. அந்த வசனம் அந்த இடத்துக்குப் பொருந்தவே இல்லை, ஆனாலும் அவன் அதைச் சொன்னான், ஏனென்றால் தலைமயிரைப் பிடிக்கும் கையோடு சேர்ந்து அந்த வசனமும் ஒரு பாடம் போல அவனுக்குள் போயிருக்கிறது. ரத்தத்தில் வசனம் வராது தங்கச்சி. பார்த்துப் பழகியது அது. எட்டாம் வாய்ப்பாடு எப்படிப் போனதோ அப்படித்தான் இதுவும் போயிருக்கிறது.

உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். எந்த நேரம் அடி விழுமோ என்று இருக்கிற வீட்டில் வளரும் பிள்ளையின் உடம்பு எப்போதும் காவலுக்கு நிற்கிறது. படலை திறக்கும் சத்தத்தில் அப்பா எத்தனை குடித்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கிற பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அப்படிக் காவல் நிற்கும் உடம்புக்குச் சின்ன விசயமும் பெரிய ஆபத்தாகத் தெரியும், கோப்பை விழுந்த சத்தம்கூட. உங்களுக்கும் அது தெரியும், கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும் சத்தத்துக்குப் பங்கருக்குள் பாய்ந்த உடம்பு இப்போதும் மோட்டார் சைக்கிள் வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதா இல்லையா? எனக்கு இன்றைக்கும் திடுக்கிடும். ஆனால் திடுக்கிடுகிற உடம்பு வேறு, அடிக்கிற கை வேறு. திடுக்கிட்ட எல்லோரும் அடிக்கவில்லை.

யுத்தம் ஒன்றும் செய்யவில்லை என்றும் நான் சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு செய்தார்கள், 2008இல் வெளிவந்தது. யுத்தத்தைக் கூடுதலாகக் கண்ட பிள்ளைகளும் குடிக்கிற தகப்பன் உள்ள பிள்ளைகளும் வீட்டுக்குள்ளும் கூடுதலாக அடிவாங்குகிறார்கள் என்று அதில் தெரிந்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடக்கில் பல வருடம் மனநல வைத்தியம் பார்த்துவிட்டு, தனியாள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன, இதைக் கூட்டுவடு என்றுதான் பார்க்க வேண்டும் என்று எழுதினார். இரண்டையும் நான் நம்புகிறேன். ஆனால் உங்கள் குடும்பக் கதையை நீங்கள் எழுதின ஒழுங்கிலேயே வாசியுங்கள். தாத்தா அடித்தபோது 77 இருந்தது, அப்பா அடித்தபோது இடம்பெயர்வு இருந்தது, இவருக்கு முள்ளிவாய்க்காலும் செல் துண்டும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு காரணம் கிடைத்தது, எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஆனால் 77இல் காடையர் துரத்தினபோது ஓடியவர் அம்மம்மாவும்தானே? முள்ளிவாய்க்காலில் நீங்களும்தானே இருந்தீர்கள்? ஒரே பங்கருக்குள் இருந்து வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு அடிக்க உரிமையும் மற்றவருக்குப் பொறுக்கக் கடமையும் கிடைத்தது எப்படி? அது செல்லடியில் இருந்து வரவில்லை. அதற்கு முன்னமே வீட்டில் இருந்தது, செல்லடி அதற்கு ஒரு சாக்குப்போக்கைக் கொடுத்தது. யுத்தமே பார்க்காத ஊர்களிலும் இதுதான் நடக்கிறது. 2019இல் முழு இலங்கைக்கும் எடுத்த கணக்கெடுப்பில் ஐந்து பெண்ணில் ஒருத்தி தன் துணைவரிடம் வாழ்நாளில் ஒருமுறையாவது அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்ததாகச் சொன்னாள்.

புலிகள் இயக்கம் இருந்த காலத்தில் ஒருத்தனும் பெண்டாட்டியில் கை வைக்க மாட்டான் என்று வயதான அம்மாக்கள் சொல்வார்கள். அந்த நாட்களிலும் கதவைச் சாத்திவிட்டு அடித்ததை எனக்குச் சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். பயத்தில் நின்ற கை, பயம் போனதும் திரும்ப எழும்பியது. அதனால்தான் பயத்தால் மட்டும் இதை நிறுத்தலாம் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் கணவரைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன். முதுகில் நோவோடு வெயிலில் கல்லும் சீமெந்தும் தூக்குகிற மனுசனுக்கு வைத்தியம் வேண்டும், இரவில் நித்திரை இல்லையென்றால் அதற்கும் வேண்டும், குடியை நிறுத்தவும் வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் இது எல்லாவற்றுக்கும் உதவி உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் வேலைத்தலத்தில் கூலி குறைத்த ஆளின் கழுத்தைப் பிடித்தாரா என்று யோசித்துப் பாருங்கள். பிடித்திருக்க மாட்டார். அப்படியென்றால் கையை நிறுத்த அவருக்குத் தெரியும், வீட்டில்தான் நிறுத்தவில்லை. வைத்தியம் அவருடைய காயத்துக்கு. அடியை நிறுத்துவது அவருடைய பொறுப்பு, வைத்தியம் முடியும்வரைக்கும் நீங்கள் அடிவாங்கிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம்: யாராவது உங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக இருத்தி வைத்துக் கதைத்துத் தீர்க்கிறேன் என்றால், அடி நிற்கும்வரைக்கும் அதற்குச் சம்மதிக்காதீர்கள். அங்கே நீங்கள் சொல்லும் உண்மைக்கு இரவில் வீட்டில் அடிவாங்க வேண்டிவரும்.

மாமியோடு சண்டைக்குப் போக வேண்டாம். "பொறுத்துப் போ" என்பது அவவுக்கும் யாரோ சொன்னதுதான், அவ பொறுத்த பொறுமை வீண் என்று இந்த வயதில் ஒப்புக்கொள்வது லேசான காரியமில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் அந்தச் சொல் வேண்டாம் என்று மெதுவாகக் கேட்டுப் பார்க்கலாம். மகனுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். பேரனைப் பற்றிய பயம் சில அப்பம்மாக்களின் வாயை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி மகன்.

அவனுக்கு நீங்கள் அடித்ததைவிட அந்த வசனம்தான் ஆழமாகப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பா அம்மாவை அடிக்கும்போது பாயில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த பிள்ளை, 'நான் இப்படி ஆக மாட்டேன்' என்று மனதுக்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பான்! அவனுக்கே தன்னுடைய கையைக் கண்டு பயம் வந்த அதே நிமிசத்தில், அவன் கூடுதலாக நம்புகிற நீங்களே, நீயும் அப்பன்தான் என்று சொல்லிவிட்டீர்கள். அதுதான் கதைக்காமல் இருக்கிறான், அதுதான் பாய் நனைகிறது. பாய் நனைவதற்குத் திட்டாதீர்கள், பகிடி பண்ணாதீர்கள், தங்கச்சி பார்க்க முதல் சத்தமில்லாமல் பாயைக் கழுவிக் காயப் போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.

உங்களைக் குற்றம் சொல்கிறேன் என்று எடுக்காதீர்கள், ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இல்லை: அடிக்கக் கூடாது என்று படிப்பிக்க நீங்கள் எடுத்தது பூவரசங் கம்பு. பெலத்தவர் கோபம் வந்தால் பெலன் குறைந்தவரை அடிக்கலாம் என்ற பாடம் அன்றைக்கு அவனுக்கு மறுபடியும் நடந்தது. அடிவாங்கின தாய்மார் பிள்ளைகளுக்கு அடிப்பது நான் தினமும் காண்கிற விசயம், எங்கும் காட்ட முடியாத கோபம் அங்கேதான் போய் இறங்குகிறது. உங்கள் கணவரை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. இந்தக் கம்பு உங்கள் கையில் இருக்கிறது.

மன்னிப்புக் கேளுங்கள். தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் பழக்கத்தில் இல்லை, எனக்கும் முதல் தடவை நாக்கு எழும்பவில்லை. முகத்துக்கு முகம் இருத்தி வைத்துக் கேட்க வேண்டாம், பொடியன் கல்லாகிவிடுவான். கோழிக்குத் தீன் போடும்போதோ சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும்போதோ, அவன் உங்கள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத ஒரு நேரத்தில், இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்டைக்கு அம்மா உனக்கு அடிச்சது பிழை. நீ அப்பனைப் போலத்தான் வருவாய் எண்டு சொன்னது அதைவிடப் பிழை. நீ எப்பிடி வாறது எண்டு நீதான் தீர்மானிக்கிறது. தங்கச்சிக்கு நீ அடிச்சதும் பிழை, அதை நீ எப்பிடிச் சரி செய்யப் போறாய் எண்டு யோசி. கோவம் வந்தா கையைப் பொத்திக்கொண்டு முத்தத்துக்கு ஓடு, நானும் அப்பிடித்தான் செய்யப் போறன்." அவன் பதில் சொல்ல மாட்டான். பரவாயில்லை. அடுத்த கிழமை உங்களுக்குக் கோபம் வரும்போது நீங்கள் முற்றத்துக்குப் போகிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருப்பான். தகப்பனைத் தூசணத்தால் ஏச வேண்டாம், அவன் அவருடைய பிள்ளையும்தான். "அப்பாவில் எங்களுக்கு விருப்பம், அப்பா அடிக்கிறது பிழை" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம், பிள்ளைகளுக்கு அது விளங்கும்.

வீட்டுக்கு வெளியே அவனுக்கு ஒரு நல்ல பெரியவர் வேண்டும். ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் பல பத்து வருடங்களாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று எல்லாக் கஷ்டமும் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக, அன்பான மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள், அவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்டது என்னவென்றால் தன்னை விரும்பிக் கவனித்த ஒரு பெரியவராவது, அம்மம்மாவோ ஆசிரியரோ அயலவரோ, அவர்களுக்கு இருந்திருக்கிறார். உங்கள் அண்ணனோ தம்பியோ, கைநீட்டாத ஒரு ஆம்பிளை, கால்பந்து பழக்குகிற சேர், யாரென்று யோசியுங்கள். ஆம்பிளை என்றால் இப்படியும் இருக்கலாம் என்று அவன் கிட்ட நின்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவரிடமும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மகளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "அவளால ஒரு கரைச்சலும் இல்லை." அந்த வரியை வாசித்துவிட்டுக் கனநேரம் இருந்தேன். அண்ணன் தலைமயிரைப் பிடித்து அறைந்தபோது அவள் அழுதாளா? உங்களிடம் ஓடி வந்தாளா? பிறகு யாராவது அவளிடம் நோகுதா என்று கேட்டீர்களா? மகன் அடிக்கப் பழகியது எல்லோருக்கும் கேட்டது. அவள் அந்த வீட்டில் என்ன பழகிக்கொண்டிருக்கிறாள் என்பது சத்தமில்லாமல் நடப்பது, எட்டு வயதில் கரைச்சல் தராமல் இருக்கப் பழகிய பிள்ளைகளை இருபத்தெட்டு வயதில் நான் சந்திக்கிறேன். இன்றைக்கு இரவு தலை இழுத்துப் பின்னிவிடும்போது அந்த நாளைப் பற்றி அவளிடம் கேளுங்கள், "அவன் அடிச்சது பிழை, உன்னில ஒரு பிழையும் இல்லை" என்று சொல்லுங்கள், அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.